தோல் போர்வையும் மூங்கில் துணியும்

ஆஸ்திரேலியாவில் குழந்தை பிறந்த வீட்டுக்குப் போகிறவர்கள் கையில் இப்போது தென்படும் பரிசுகளில் ஒன்று மூங்கில் துணி. ஏறக்குறைய நாலடிக்கு நாலடி சதுரம். மஸ்லின் போல மெல்லிசு. கையில் எடுத்தால் வழுக்கிக்கொண்டு விழும். அதன் மேல் பூர்வகுடி ஓவியர் ஒருவரின் படைப்பு அச்சாகியிருக்கும். வட்டத்துக்குள் வட்டம், வட்டங்களைச் சேர்க்கும் கோடுகள், மிச்ச இடம் முழுக்கப் புள்ளிகள். சுற்றியிருக்கும் அட்டையில் ஓவியரின் பெயர், ஊர், ஓவியம் சொல்லும் கதை இரண்டு மூன்று வரியில். சிட்னி, மெல்பர்ன் தமிழர்கள் ஊருக்கு வரும்போது பெட்டியில் போட்டுக்கொள்ளத் தோதான சாமான். எடை இல்லை, உடையாது, ஆஸ்திரேலியப் பொருள் என்று பார்த்தவுடனே தெரியும்.

அந்தக் கடைசி விஷயத்தில்தான் இடிக்கிறது. மூங்கில் நார் பெரும்பாலும் சீனத்திலிருந்து வருகிறது. நெசவும் அச்சும் பல சமயம் வெளிநாட்டிலேயே முடிந்துவிடுகின்றன. ஆஸ்திரேலியாவுக்கே உரியது என்று அந்தத் துணியில் மிஞ்சுவது ஓவியம் ஒன்றுதான். அது யார் கையிலிருந்து, என்ன சம்மதத்தோடு வந்தது என்பதில்தான் அந்தப் பரிசின் மதிப்பே இருக்கிறது. குழந்தையைச் சுற்றும் பொருளில் ஓவியம் இருப்பது அந்த நாட்டுக்குப் புதிதும் இல்லை. வெள்ளையர் வருவதற்கு முன் தென்கிழக்குப் பகுதியில் குழந்தைகள் ஓவியம் கீறிய போர்வைக்குள்தான் வளர்ந்தார்கள்.

இன்றைய விக்டோரியாவும் நியூ சவுத் வேல்ஸின் தென்பகுதியும் குளிர் நாடு. அங்கே வாழ்ந்த குண்டிச்மாரா, யோர்ட்டா யோர்ட்டா, உருண்ட்ஜெரி முதலிய மக்களுக்குப் பொஸம் தோல்தான் உடுப்பு, அதுவே படுக்கை. பொஸம் பூனை அளவு விலங்கு. வயிற்றுப் பையில் குட்டியை வளர்க்கும். பகலெல்லாம் மரப்பொந்தில் தூங்கிவிட்டு இரவில் இலை தின்ன வெளியே வரும். அதன் தோலை மரப்பட்டை மேல் இழுத்துக் குச்சியடித்துக் காயவைப்பார்கள். சிப்பி ஓட்டால் சுரண்டிப் பதமாக்குவார்கள். எலும்பு முனையால் துளையிட்டு, கங்காருவின் தசைநாரை நூலாக்கித் தைப்பார்கள். பச்சைக் குழந்தைக்கு மூன்று நான்கு தோல் போதும். பிள்ளை வளர வளர ஓரத்தில் தோல் சேர்த்துக்கொண்டே போவார்கள். வளர்ந்த ஆளின் போர்வையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தோல்கள் இருக்கும். ஒருவருடைய வயதை அவர் போர்வையின் அகலத்தில் பார்த்துவிடலாம்.

ஓவியம் இருந்தது உரோமம் இல்லாத பக்கத்தில். தோலைக் கீறி, கீறலில் கொழுப்பும் காவியும் தேய்த்து வரைந்தவை: வைரக் கட்டங்கள், அலைக்கோடுகள், அடுக்கடுக்கான வரிகள். போர்த்தியிருப்பவர் எந்தக் குலம், எந்த ஆற்றங்கரை என்பது அந்தக் கோடுகளில் இருந்தது. தாய் குழந்தையை முதுகில் சுமந்ததும் இந்தப் போர்வையின் மடிப்புக்குள்தான். சடங்குகளில் பெண்கள் அதை மடித்துத் தொடை மேல் வைத்து மேளமாகத் தட்டினார்கள். இறந்தவரை அதிலேயே சுற்றிப் புதைத்தார்கள். நம் வீடுகளில் பாட்டியின் பழைய நூல் புடவையைக் கிழித்துப் பச்சைப் பிள்ளைக்குப் போடுகிறோமே, அங்கே துணி மூத்தது, பிள்ளை இளையது. பொஸம் போர்வையோ பிள்ளையோடு பிறந்து, பிள்ளையோடு வளர்ந்து, ஆளோடு மண்ணுக்குப் போனது. பழைய போர்வைகள் இன்று விரல் விட்டு எண்ணும் அளவுக்கே மிஞ்சியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் கம்பளி. கவர்னர் மக்வாரி 1814-இல் பராமட்டாவில் பூர்வகுடிகளுக்கு ஆண்டு விருந்து ஒன்றைத் தொடங்கினார். அந்தக் காலகட்டத்தில் ஆரம்பித்த போர்வை வழங்கல், குடியேற்றம் பரவப் பரவ ஊர் ஊராகப் பரவியது. பின்னாளில் விக்டோரியா மகாராணியின் பிறந்தநாளில் வரிசையில் நிற்கவைத்து ஆளுக்கு ஒரு கம்பளி கொடுத்தார்கள். காடு மேய்ச்சல் நிலமாகிவிட்டது. வேட்டைக்குப் போன இடமெல்லாம் வேலி. பொஸம் தோல் ஐரோப்பியருக்கும் ஏற்றுமதிச் சரக்காகிவிட்டது. கம்பளியை வாங்காமல் வேறு வழி இல்லை. பொஸம் தோல் மழையில் நனைந்தாலும் உள்ளே ஈரம் இறங்காது. அரசாங்கக் கம்பளி தண்ணீரைக் குடித்துக் கனத்து, உடம்போடு ஒட்டிக் குளிரடித்தது. மார்புச் சளியும் காய்ச்சலும் அதோடு சேர்ந்து வந்தன. கொடுத்த கம்பளியில் ஓவியம் இல்லை. அதிகாரிகள் வைத்திருந்த பட்டியலில் மட்டும் வாங்கியவர் பெயர், உத்தேச வயது, மனைவி, பிள்ளைகள் எண்ணிக்கை என்று எல்லாம் இருந்தன. போர்வையில் இருந்த அடையாளம் பேரேட்டுக்குப் போய்விட்டது என்று எனக்குத் தோன்றும்.

பேரேடு என்ன செய்யும் என்பதை அடுத்த நூற்றாண்டு காட்டியது. பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிகளிலும் வெள்ளையர் வீடுகளிலும் வளர்த்த கொள்கையைப் பற்றி 1997-இல் மனித உரிமை ஆணையத்தின் அறிக்கை வந்தது. 1910-க்கும் 1970-க்கும் இடையில் பத்தில் ஒரு குழந்தையிலிருந்து மூன்றில் ஒரு குழந்தை வரை அப்படி எடுத்துச் செல்லப்பட்டதாக அது மதிப்பிட்டது. பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2008 பிப்ரவரி 13 அன்று. யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்வி அந்த நாட்டில் இன்னும் ஆறாத புண். அங்கே குழந்தைத் துணியில் ஓவியம் என்பதை வெறும் அலங்காரமாக என்னால் பார்க்க முடியாததற்கு இதுதான் காரணம்.

போர்வைக் கோடுகள் முழுவதும் அழியாமல் காத்தவர்களில் வில்லியம் பராக் முக்கியமானவர். உருண்ட்ஜெரித் தலைவர், 1903-இல் இறந்தார். மெல்பர்னுக்கு வெளியே கோரண்டர்க் குடியிருப்பில் முதுமைக் காலத்தில் காகிதத்தில் படம் போட்டார். அவர் படங்களில் சடங்குக்குக் கூடியிருப்பவர்கள் தோளில் கோடும் கட்டமுமாகப் பொஸம் போர்வைகள். மெல்பர்ன் அருங்காட்சியகத்திடம் உள்ள அசல் போர்வைகள் இரண்டு: எச்சூக்கா பக்கத்து யோர்ட்டா யோர்ட்டா போர்வை 1853-ஐச் சேர்ந்தது, லேக் கோண்டாவின் குண்டிச்மாரா போர்வை 1872-ஐச் சேர்ந்தது.

1999-இல் அவற்றைப் பார்த்த விக்கி கசின்ஸ், டெப்ரா கசின்ஸ், ட்ரியானா ஹாம், லீ டாரக் ஆகிய பூர்வகுடிப் பெண்கள் மறுபடி போர்வை தைக்க உட்கார்ந்தார்கள். 2006 மெல்பர்ன் காமன்வெல்த் விளையாட்டுத் தொடக்க விழாவுக்கு விக்டோரியாவின் பல்வேறு மொழிக்குழுக்கள் குழுவுக்கொரு போர்வை தைக்க, மூத்தவர்கள் அவற்றை அணிந்து நின்றார்கள். இன்று பிறந்த குழந்தைக்குச் சின்னப் பொஸம் போர்வை தைக்கும் குடும்பங்கள் மறுபடி உண்டு. சிப்பிக்குப் பதில் மின்சாரச் சூட்டுக்கோல், தசைநாருக்குப் பதில் மெழுகு நூல். தோல் வருவது நியூஸிலாந்திலிருந்து. ஆஸ்திரேலியாவில் பொஸம் சட்டப் பாதுகாப்புள்ள விலங்கு. நியூஸிலாந்திலோ 1837-இல் உரோம வியாபாரத்துக்காகக் கொண்டுபோய் விட்ட அதே பொஸம் காட்டைத் தின்னும் பீடையாகிவிட்டது. தன் ஊர் விலங்கின் தோலை வெளிநாட்டிலிருந்து காசு கொடுத்து வரவழைத்துத் தாத்தா காலத்துப் போர்வையைத் தைக்க வேண்டியிருக்கிறது.

மூங்கில் துணியில் நாம் பார்க்கும் புள்ளி ஓவியத்துக்கு வேறு பூர்வீகம். பொஸம் போர்வை தென்கிழக்கின் சொத்து. புள்ளியும் வட்டமும் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் தள்ளி, மத்தியப் பாலைவனத்திலிருந்து வருகின்றன. அங்கே குழந்தையைச் சுமந்தது குழிந்த மரத்தட்டு. ஓவியம் இருந்தது மணலிலும் உடம்பிலும். 1971-இல் பப்புன்யா என்ற குடியிருப்பில் ஜெஃப்ரி பார்டன் என்ற பள்ளி ஆசிரியர் காலத்தில் பெரியவர்கள் பள்ளிச் சுவரில் தேனெறும்புக் கதையை வரைந்தார்கள். அடுத்த ஆண்டே தங்களுக்கென்று ஓவியர் நிறுவனம் அமைத்தார்கள். தொடக்கப் பலகைகளில் வெளியார் பார்க்கக்கூடாத சடங்குப் பொருள்களும் வந்துவிட்டன என்று மற்றக் குழுக்கள் கண்டிக்க, ஓவியர்கள் அவற்றை விலக்கினார்கள், புள்ளிகளால் மறைத்தார்கள். கடைக்காரர்கள் அழகு என்று விற்கும் புள்ளிகளில் ஒரு பங்கு திரையாகப் பிறந்தது.

ஓவியத்தைத் துணியில் அச்சடித்தால் மதிப்புக் குறைந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கவலை இல்லை. பூர்வகுடிப் பெண்களின் ஓவியம் பல ஊர்களில் துணியில்தான் தொடங்கியது. எர்னபெல்லா மிஷனில் 1948 முதலே கம்பளி நூற்று விரிப்பு நெய்தார்கள். பிறகு, மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக்குக்கு மாறினார்கள். திவித் தீவுகளில் 1960-களின் கடைசியிலிருந்து துணி அச்சு நடக்கிறது. யூட்டோப்பியா என்ற குடியிருப்பில் எமிலி காமே நுவாரே என்ற ஓவியர் 1977-இல் பாத்திக் கற்றுக்கொண்டு பத்தாண்டுக்கு மேல் பட்டில் மெழுகு ஊற்றினார். கான்வாஸ் அவர் கைக்கு வந்தது 1988-இன் இறுதியில், எழுபது வயதுக்குப் பிறகு. அவருடைய ஓவியம் ஒன்று 2007-இல் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. ஆக, துணிக்கு ஓவியம் போனதில் குற்றமில்லை. கேட்காமல் போனதில்தான் குற்றம்.

கேட்காமல் எடுத்தவர்களில் அரசாங்கமே முன்னால் நின்றது. 1966-இல் ஆஸ்திரேலியா தசம நாணயத்துக்கு மாறியபோது வெளியான ஒரு டாலர் நோட்டில் டேவிட் மலாங்கி என்ற பூர்வகுடி ஓவியரின் மரப்பட்டை ஓவியம் இருந்தது. அவரிடம் யாரும் கேட்கவில்லை. விஷயம் வெளியே வந்தபின் ரிசர்வ் வங்கி 1,000 டாலரும் ஒரு பதக்கமும் மீன்பிடி சாமான்களும் கொடுத்தது. நாட்டில் எல்லோர் சட்டைப்பையிலும் இருந்த ஓவியத்துக்குத் தூண்டில் பரிசு!

துணிக்கும் விரிப்புக்கும் வந்த வழக்குகள்தான் நிலைமையை மாற்றின. ஆர்னம் லேண்ட்டின் ஓவியர் ஜான் புலுன் புலுன், நீர்நிலை அருகே வாத்துகளும் அல்லியும் உள்ள தன் ஓவியம் பனியன்களில் விற்பதைக் கண்டார். வழக்கு 1989-இல் 1,50,000 டாலர் இழப்பீட்டோடு சமரசமாக முடிந்தது. பாதிக்கப்பட்ட மற்ற ஓவியர்களுக்கும் அதில் பங்கு. அடுத்தது கம்பள வழக்கு. பெர்த் நகரத்து இறக்குமதி நிறுவனம் ஒன்று, புத்தகங்களிலும் நாட்காட்டியிலும் வந்த படங்களைப் பார்த்து வியட்நாமில் கம்பளம் நெய்து கொண்டுவந்தது. ஒவ்வொரு கம்பளத்துக்கும் ஓவியருக்கு உரிமைத்தொகை போகிறது என்று சீட்டு வேறு தொங்கியது. ஒரு காசு போகவில்லை. அந்த ஓவியர்களில் ஒருவரான பண்டுக் மரிக்காவின் படம் அவரது குலத்தின் புனித நீர்நிலையைக் காட்டுவது. அதன் மேல் யார் யாரோ செருப்புக் காலோடு நடக்கப் போகிறார்கள். அவர் அனுமதிக்கவில்லை என்றாலும் குலத்தின் முன் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். 1994 தீர்ப்பில் நீதிபதி வான் டூஸா 1,88,640 டாலர் விதித்தார். பண நஷ்டத்தோடு, ஓவியர்கள் தங்கள் சமூகத்துக்குள் பட்ட அவமானத்தையும் கணக்கில் எடுத்த தீர்ப்பு அது. நிறுவனம் மூழ்கிப்போனதால் தொகை ஓவியர்கள் கைக்கு வரவில்லை.

1998-இல் புலுன் புலுனின் அதே வாத்து ஓவியம் மறுபடி நீதிமன்றம் வந்தது, இம்முறை கஜக்கணக்கில் இறக்குமதியான துணியாக. துணி நிறுவனம் தவற்றை ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் அந்த வழக்கில் ஜார்ஜ் மில்புருரு என்ற ஓவியர் கனல்பிங்கு மக்கள் சார்பில் வேறொன்று கேட்டார்: இந்த ஓவியம் வரைந்தவருக்கு மட்டும் சொந்தமா, அந்த நீர்நிலைக்கு உரிய எல்லோருக்கும் சொந்தமா? காப்புரிமைச் சட்டத்தில் கூட்டுச் சொத்துக்கு இடமில்லை என்றார் நீதிபதி. அதே மூச்சில், ஓவியர் தன் குலத்துக்குக் கடமைப்பட்டவர், அவர் நடவடிக்கை எடுக்கத் தவறினால் குலம் நீதிமன்றம் வரலாம் என்றும் சொன்னார். பாதிக் கதவு திறந்தது.

இன்றைய மூங்கில் துணியின் அட்டையில் ஓவியர் பெயரும் ஊரும் இருக்கிறதென்றால் அந்த வழக்குகளுக்கும் அதில் பங்குண்டு. நல்லபடியாக நடக்கும் இடத்தில் ஏற்பாடு இப்படி: ஓவியர்கள் சேர்ந்து நடத்தும் கலை மையம், யூண்டுமுவில் 1985 முதல் இயங்கும் வார்லுகுர்லாங்கு போல ஒன்று, எந்த ஓவியத்தைப் பொருள்களில் போடலாம் என்று ஓவியரோடு பேசி முடிவு செய்யும். தயாரிப்பாளரோடு உரிம ஒப்பந்தம் போடும். விற்பனையில் ஒரு பங்கு ஓவியருக்குப் போகும். மூலிகை இலை, விதை, காட்டு உணவு தேடும் பெண்கள் என்று பலரும் பார்க்கலாம் என்ற கதைகள்தான் பெரும்பாலும் துணிக்கு வரும். குழந்தை நனைக்கப் போகிற துணி என்பதும் தெரிந்துதானே கொடுக்கிறார்கள்.

மூங்கிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'இயற்கை' என்று அட்டையில் பச்சை எழுத்தில் போட்டிருப்பார்கள். மூங்கிலைச் சக்கையாக்கி, காஸ்டிக் சோடாவிலும் கார்பன் டைசல்ஃபைடிலும் கரைத்துக் கூழாக்கி, நுண்துளை வழியே கந்தக அமிலத்துக்குள் பீய்ச்சினால் வருவது விஸ்கோஸ். சிறுமுகை விஸ்கோஸ் ஆலை ஓடிய காலத்தில் அதன் கழிவு கலந்த பவானி ஆற்றைப் பார்த்தவர்களுக்கு விஸ்கோஸைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. முடிவில் கையில் இருப்பது மென்மையான, வியர்வை உறிஞ்சும், நல்ல துணிதான்; ஆனால் அதில் மூங்கிலின் குணம் என்று ஏதும் மிஞ்சுவதில்லை. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2009 முதலே 'மூங்கில் துணி' என்று எழுதாதே, 'மூங்கிலிலிருந்து எடுத்த ரேயான்' என்று எழுது என்று கடைகளை விரட்டிக்கொண்டிருக்கிறது. 2022-இல் வால்மார்ட், கோல்ஸ் என்ற இரு அமெரிக்கக் கடை நிறுவனங்களும் சேர்ந்து 55 லட்சம் டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தன. வடக்கு ஆஸ்திரேலியாவில் சொந்த மூங்கில் இனம் உண்டு. அங்குள்ள பூர்வகுடிகள் அதில் ஈட்டிக்காம்பும் டிஜெரிடூ என்ற ஊதுகுழலும் செய்தார்கள். குழந்தைத் துணிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பழைய பொஸம் போர்வை பிள்ளையோடு வாழ்நாள் முழுக்க வந்தது. மூங்கில் துணிக்குச் சில மாதமே வேலை. குழந்தை புரளத் தொடங்கியதும் சுற்றுவதை நிறுத்துங்கள், தொட்டிலில் தளர்வான போர்வை எதுவும் வேண்டாம் என்பது இன்று ஆஸ்திரேலியத் தாய்மாருக்குச் சொல்லப்படும் பாடம். அதன்பின் அந்தத் துணி வண்டிக்கு நிழலாகவும் தோளில் போட ஏப்பத் துண்டாகவும் மிஞ்சும்.

இத்தனை வழக்குகளுக்குப் பிறகும் கள்ளச் சரக்கு குறையவில்லை. ஆஸ்திரேலிய உற்பத்தித் திறன் ஆணையம் 2022-இல் கொடுத்த அறிக்கைப்படி, பூர்வகுடிக் கலை என்று சொல்லி விற்கும் நினைவுப் பொருள்களில் பாதிக்கு மேல் பூர்வகுடிகள் கைபடாதவை. காப்புரிமை ஓவியரின் ஆயுளுக்கும் அதற்குப் பின் 70 ஆண்டுக்கும் உண்டு. குறிப்பிட்ட ஓவியத்தை நகலெடுத்தால் வழக்குப் போடலாம். யாரோ கணினியில் உட்கார்ந்து புள்ளியும் வட்டமுமாகப் புதிதாக ஒன்று போட்டால் சட்டம் பேசாமல் இருக்கும். பாணிக்குக் காப்புரிமை கிடையாது. பிருபி ஆர்ட் என்ற மொத்த வியாபார நிறுவனத்துக்கு 2019-இல் 23 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. இந்தோனேசியாவில் செய்த பூமராங்குகளையும் டிஜெரிடூக்களையும் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் செய்தவை என்று நம்பும்படி விற்றதுதான் குற்றம். செய்த ஊரையும் செய்தவர்கள் பூர்வகுடிகள் இல்லை என்பதையும் அப்பட்டமாக எழுதி விற்றிருந்தால் அபராதம் விதிக்க வழியே இல்லை.

அசல் பொருளுக்கு முத்திரை குத்தும் முயற்சி முன்பு நடந்து, நிலைக்காமல் போனது. முத்திரை வாங்கும் செலவும் அலைச்சலும் ஓவியர் தலையில் விழுவது என்ன நியாயம் என்ற கேள்வி இருந்தது. ஆணையம் அதைத் தலைகீழாக்கிப் பரிந்துரைத்தது: அசலை விட்டுவிடுங்கள், போலிப் பொருளில் அது போலி என்று சீட்டு ஒட்டுவதைக் கட்டாயமாக்குங்கள், செலவு போலி செய்பவருடையதாக இருக்கட்டும். பூர்வகுடிகளின் பண்பாட்டு அறிவைக் காக்கத் தனிச் சட்டம் கொண்டுவருவதாக அரசாங்கம் 2023 ஜனவரியில் அறிவித்தது. ஆணையம் சொன்ன சீட்டு யோசனைதான் எனக்குப் பிடித்தது. 'இதில் பூர்வகுடிகளுக்குப் பங்கில்லை' என்று எழுதிய துணியைக் குழந்தை பிறந்த வீட்டுக்கு யாரும் எடுத்துப் போகமாட்டார்கள். ஆணையத்தின் கணக்கும் அதுதான்.